கணிப்பொறிக் கல்வி வந்த வழி

பிள்ளை பட்டப்படிப்பை முடித்து வீட்டுக்கு வந்ததும், 'அடுத்து என்ன?' என்னும் கேள்வி எழாத குடும்பம் நம்மிடையே இல்லை. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காமல் பி.எஸ்ஸி.யோ பி.காமோ படித்த பலருக்கு எம்.சி.ஏ. என்னும் மூன்றெழுத்து ஒரு வழியைக் காட்டியது. அந்த வழி தானாக உண்டானதன்று, திட்டமிட்டு வெட்டப்பட்டது. அதை வெட்டியவர்களுள் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராஜாராமன். அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

கணிப்பொறியைப் பாடமாக நடத்தும் பட்டயப் படிப்பு 1953-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பே, தேநீர்க் கடைகள் பல நடத்திவந்த லயன்ஸ் என்னும் லண்டன் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பொறியின் அமைப்பைப் பின்பற்றித் தானே ஒரு கணிப்பொறியைக் கட்டிவிட்டது. 1951 நவம்பரில் தன் ரொட்டித் தயாரிப்புக் கணக்கை அதனிடம் ஒப்படைத்தது. ஆக, தொடக்கத்திலேயே இந்த இயந்திரத்துக்கு இரண்டு வேலைகள் அமைந்தன. அறிவியலாரின் கணக்கு ஒன்று. வணிகரின் கணக்கு மற்றொன்று. முன்னது விரைவில் கல்லூரிப் பாடமாயிற்று. பின்னதற்குக் காலம் பிடித்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கார்டன் டேவிஸ், நிர்வாகத்துக்கு வேண்டிய தகவல் முறைமைகளைத் தனித் துறையாக வளர்க்கத் தொடங்கியது 1960களின் இறுதியில்தான்.

நம் நாட்டிலும் இதே வரிசையைக் காண்கிறோம். கல்கத்தாவுக்கு 1950களிலேயே கணிப்பொறி வந்துவிட்டபோதிலும், அது ஆராய்ச்சியாளரின் கருவியாகவே இருந்தது. மாணவரின் கைக்கு அது எட்டிய இடம் கான்பூர் ஐ.ஐ.டி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதின் துணையோடு வளர்ந்த அக்கழகத்துக்கு 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்னும் பொறி வந்து சேர்ந்தது.

அந்தப் பொறிக்குக் கூட்டத் தெரியாது என்றால் வாசகர்கள் வியப்பார்கள். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் வாய்பாட்டை மனனம் செய்தது போல, அதன் நினைவகத்திலும் கூட்டல் வாய்பாடு எழுதி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு இலக்கங்களைக் கொடுத்தால், வாய்பாட்டைப் பார்த்து விடை சொல்லும். மாணவர் தம் கட்டளைகளை அட்டைகளில் துளையிட்டுத் தரவேண்டும். ஓர் அட்டையில் எண்பது எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. ஒரு துளை இடம் மாறினாலும் வேலை கெடும். பொறுமையும் துல்லியமுமே அங்கே முதற்பாடமாயின.

கான்பூர்க்காரர்கள் அந்த அறிவைத் தம் மதிலுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் பொறியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தினார்கள். அங்கு ஆசிரியராயிருந்த இராஜாராமன், 1969-இல் கணிப்பொறி நிரலாக்கத்தின் அடிப்படைகளை விளக்கிப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். கணிப்பொறியைக் கண்ணால் பாராத கல்லூரிகளின் மாணவருக்கும் அத்துறையின் அறிமுகம் இவ்வாறு நூல் வழியே கிடைத்தது.

அதே காலத்தில் நாட்டில் அச்சமும் நிலவியது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறியை நிறுவ முற்பட்டபோது, வேலை பறிபோகும் என்று கல்கத்தாவில் ஊழியர் கடுமையாக எதிர்த்தனர். இயந்திரமயமாக்கலை ஆராய 1969-இல் தண்டேகர் தலைமையில் அரசு ஒரு குழுவையே அமைத்தது. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் ஆகாது. சம்பளத்தை நம்பி வாழும் வீட்டுக்கு அது நியாயமான அச்சமே. எனினும், இயந்திரத்தை அறிந்தவருக்கு அது தொழில். அறியாதவருக்கே அது அச்சுறுத்தல். ஆகவே, அந்த அறிவு யார் யாருக்குக் கிடைக்கும் என்பதே அன்றைய உண்மையான கேள்வி.

1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. உள்நாட்டு நிறுவனங்கள் சிறிய கணிப்பொறிகளைச் செய்து விற்கத் தொடங்கின. பொறிகள் பெருகின, இயக்க ஆட்கள் போதவில்லை. பொறியியல் பட்டதாரிகளை மட்டும் நம்பினால் அந்தத் தேவை நிறைவேறாது. இந்நிலையில், இராஜாராமன் தலைமையில் நடுவண் அரசு அமைத்த குழு, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கென ஒரு முதுநிலைப் படிப்பைப் பரிந்துரைத்தது. 1980களின் முற்பகுதியில் தொடங்கிய எம்.சி.ஏ. அதுவே. அடிப்படையிலிருந்தே கற்பிக்க வேண்டியிருந்தமையால் அது மூன்றாண்டுப் படிப்பாயிற்று. நிரல் எழுதுவதோடு கணக்கியல், புள்ளியியல், நிர்வாகம், முறைமைப் பகுப்பாய்வு ஆகியனவும் அதில் இடம்பெற்றன. இறுதியில் ஒரு நிறுவனத்துக்குச் சென்று உண்மையான ஒரு வேலையைச் செய்து முடிக்கவேண்டும்.

கணக்கியலுக்கு அங்கே என்ன வேலை? 1980களின் நடுவில் தில்லியில் கணிப்பொறிவழி இரயில் முன்பதிவு தொடங்கியதை எண்ணிப் பார்ப்போம். அங்கே கடினமானது கூட்டல் கழித்தல் அன்று. வண்டிகள் எத்தனை வகை, வகுப்புகள் எத்தனை, யாருக்கு எந்த ஒதுக்கீடு, எந்தச் சலுகை, ஒருவர் பயணத்தை நீக்கிக்கொண்டால் காத்திருப்போரில் யாருக்கு இடம் என்னும் விதிகளை ஒன்று விடாமல் கேட்டறிந்து ஒழுங்குபடுத்துவதே கடினம். அந்த வேலைக்கு இயந்திரத்தை அறிந்தவர் மட்டும் போதார். அலுவலகத்தையும் கடைவீதியையும் அறிந்தவரும் வேண்டும். வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறிவு பேரேட்டின் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.

ஆயினும் இக்கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. பள்ளியிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் பயின்றிருக்கவேண்டும் என்ற விதி நின்றது. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று பதினோராம் வகுப்பிலேயே விலக்கிய வீடுகள், ஐந்தாண்டு கழித்து அதன் விலையைக் கொடுத்தன. கணிதப் பட்டம் வரை அனுமதித்த வீடுகளின் பெண்மக்களுக்கோ அதே பட்டம் நுழைவுச் சீட்டாயிற்று.

2020-இல் எம்.சி.ஏ. இரண்டாண்டுப் படிப்பாகச் சுருங்கியது. துளை அட்டை மறைந்து நெடுநாளாயிற்று. அன்று ஓர் அறையை நிறைத்த பொறியைவிட வல்லமை மிக்கது இன்று நம் சட்டைப் பையில் கிடக்கிறது. பொறிகள் மாறும், இனியும் மாறும். எந்தத் தகவல், யாருக்கு, எப்போது, எந்த ஒழுங்கில் வேண்டும் என்று கேட்டறியும் திறமை மட்டும் பழசாவதில்லை. கல்லூரியைத் தேடிப் பிள்ளையுடன் புறப்படும்போது, 'எத்தனை கணிப்பொறிகள் இருக்கின்றன?' என்று கேட்கிறோம். 'இந்தத் திறமையை இங்கே எப்படிக் கற்பிக்கிறீர்கள்?' என்றும் இனி கேட்போமாக.