ஒரே மேடை, இரண்டு நடை: புரூட்டஸும் ஆண்டனியும்

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' 1599-இல் மேடையேறிய நாடகம். அதன் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியில் ஒரே கூட்டத்தின் முன் இருவர் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். சீசரை ஏன் கொன்றோம் என்று விளக்குகிறான் புரூட்டஸ். சீசரின் உடலோடு வந்து இரங்கல் உரை ஆற்றுகிறான் ஆண்டனி. ஆங்கிலம் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு அணியையும் நடையையும் கற்பிக்க இவ்விரு உரைகளையும் அருகருகே வைப்பதே சிறந்த வழி. இருவர் கையிலும் இருப்பவை பெரும்பாலும் ஒரே அணிகள்தாம்; விளைவுதான் நேரெதிர்.

வடிவத்தில் தொடங்கலாம். ஆண்டனி பேசுவது அடிக்குப் பத்து அசை என்ற அளவில் ஓடும், இயைபில்லாத செய்யுள். நாடகத்தில் பெரும்பாலும் செய்யுளிலேயே பேசும் புரூட்டஸோ இங்கே உரைநடைக்கு மாறிவிடுகிறான். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்தது தாமஸ் நார்த் 1579-இல் ஆங்கிலமாக்கிய புளூட்டார்க்கின் நூல். புரூட்டஸின் கிரேக்கக் கடிதங்கள் மிகச் சுருக்கமானவை என்கிறது அந்நூல். மேடையுரையிலும் அதே இறுக்கம் தெரிகிறது. ஒரு வாக்கியம் எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அதே சொல்லில் முடிகிறது. சீசரின் அன்புக்குக் கண்ணீர், நற்பேற்றுக்கு மகிழ்ச்சி, வீரத்துக்கு மதிப்பு, பதவி ஆசைக்கு மரணம் என நான்கு இணைகள் ஒரே அளவில் வந்து நிற்கின்றன. கேட்பவருக்கு அது தீர்ப்பு வாசிப்பதுபோல் இருக்கிறது. ஆனால் பதவி ஆசைக்குச் சான்று எங்கே? புரூட்டஸ் ஒன்றுகூடத் தரவில்லை. தன் மாண்பை நம்பச் சொல்கிறான், அவ்வளவுதான்.

விடை வேண்டாத வினாக்களை இருவருமே தொடுக்கிறார்கள். அடிமையாக இருக்க விரும்பும் இழிந்தவன் இங்கே உண்டா என்று புரூட்டஸ் கேட்டால், வாய் திறப்பவன் தன்னையே இழிந்தவனாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வினா கூட்டத்தின் வாயை அடைக்கிறது. ஆண்டனியின் வினா வேறு வகை. கைதிகளை விடுவித்ததற்காகக் கிடைத்த மீட்புப் பணத்தைச் சீசர் பொதுக் கருவூலத்தில் சேர்த்தான். ஏழைகள் அழுதபோது தானும் அழுதான். லூபர்கால் விழாவில் மூன்று முறை முடியை மறுத்தான். இவற்றைச் சொல்லிவிட்டு, இதுவா பதவி ஆசை என்று கேட்கிறான். முடிவெடுக்கும் வேலையைக் கூட்டத்திடமே விட்டுவிடுகிறான்.

அடுக்கிச் சொல்வதும் இருவருக்கும் பொது. ஆண்டனி, கொன்றவர்களை மாண்புள்ளவர்கள் என்று திரும்பத் திரும்பப் போற்றுகிறான். சொல் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் சீசரின் ஒரு நற்செயல் வந்து நிற்பதால், புகழ் மெல்ல மெல்லப் பழியாகிறது. நம் அணி இலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்று வகுத்ததற்கு அழகான எடுத்துக்காட்டு இது. கடைசியில் கூட்டத்தில் ஒருவன் அந்தச் சொல்லை ஏளனமாகத் திருப்பி உமிழ்ந்து, அவர்கள் துரோகிகள் என்கிறான். ஆண்டனி வாய்விட்டுச் சொல்லாததைக் கேட்டவனே சொல்லிவிடுகிறான்.

புரூட்டஸின் வாதத்தில் கண்ணால் காணும் பொருளுக்குப் பெரிதாக இடமில்லை. ஆண்டனி உயிலைக் காட்டி, படிக்க மாட்டேன் என்று சொல்லியே ஆவலைத் தூண்டுகிறான். பிறகு சீசரின் மேலங்கியை எடுக்கிறான். நெர்வியரை வென்ற நாளின் மாலையில் சீசர் அதை முதலில் அணிந்ததைத் தான் நினைவுகூர்வதாகச் சொல்கிறான். துணியிலுள்ள ஓட்டைகளைத் தொட்டு, இது காசியஸின் கத்தி, இது காஸ்காவுடையது, இது புரூட்டஸுடையது என்று காட்டுகிறான். இங்கே மாணவர் சற்று நின்று யோசிக்க வேண்டும். கொலை நடந்தபோது ஆண்டனி அங்கே இல்லை. சதிகாரருள் ஒருவனான டிரெபோனியஸ் அவனை முன்பே வெளியே அழைத்துப் போய்விட்டான். எந்த ஓட்டை யார் கத்தியால் விழுந்தது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. வரலாற்றில் நெர்வியர் போர் கி.மு. 57-இல் நடந்தது, அப்போது ஆண்டனி சீசரின் படையில் சேர்ந்திருக்கவும் இல்லை. ஆனாலும் கூட்டம் அழுகிறது. பொதுக் கருத்தைக் காதால் கேட்ட மக்கள், கிழிந்த துணியைக் கண்ணால் பார்த்ததும் அதையே சான்றாகக் கொள்கிறார்கள்.

ஆகவே நடையில் வென்றவன் ஆண்டனி. உண்மையில் வென்றவனும் அவனே என்று கொள்ளக் கூடாது. அடுத்த காட்சியில் அதே கூட்டம், சதிகாரன் ஒருவனின் பெயரைக் கொண்டிருந்த பாவத்துக்காகச் சின்னா என்ற கவிஞனைத் தாக்குகிறது. குடிமகன் ஒவ்வொருவருக்கும் 75 திராக்மா என்று உயிலைக் காட்டி உருகியவன், நான்காம் அங்கத்தின் தொடக்கத்திலேயே அந்த உயிலின் கொடைகளில் எதைக் குறைக்கலாம் என்று ஆராய்கிறான். புரூட்டஸோ கூட்டத்தின் அறிவை மதித்தான், அதன் மனத்தை அறியவில்லை.

தேர்வுத்தாளில் அணியின் பெயரை எழுதி அடிக்கோடிடுவதோடு பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது. பெயர் தெரிந்தால் போதாது. அந்த அணி எந்தச் சான்றின் மீது நிற்கிறது, கேட்பவரை யோசிக்க வைக்கிறதா, யோசிக்க விடாமல் தடுக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் மாணவர் கேட்டுப் பழக வேண்டும். அப்படிப் பழகியவர் நல்ல கட்டுரை எழுதுவார். நாளை வாக்காளராக ஒரு மேடையின் முன் நிற்கும்போதும் எளிதில் ஏமாற மாட்டார்.