கரி தீர்ந்தும் தீராத முகவரி



இந்த ஆண்டின் நினைவுப் பேருரைக்கு ஜப்பானின் பழைய நிலக்கரி ஊர்களை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் மாணவர்கள் சிலர் தத்தம் ஊர் வரலாற்றைத் தொகுத்து வருகிறார்கள். சேரியின் பெயரை அச்சில் போடலாமா, போட்டால் நாளை வேலை கேட்டுப் போகிற பிள்ளைக்கு அது தடையாகுமா என்ற கேள்வி கூட்டத்துக்குக் கூட்டம் எழுகிறது. இதே கேள்வியைச் சந்தித்த மக்கள் வேறிடத்திலும் இருக்கிறார்கள்.

கியூஷு தீவின் வடக்கில், ஃபுகுஓகா மாகாணத்தில், ஓங்கா ஆறு பாயும் பகுதிக்குச் சிகுஹோ என்று பெயர். ஈசுகா, நோகாதா, தகாவா ஆகியவை அதன் முக்கிய நகரங்கள்; சுற்றிலும் சிறிதும் பெரிதுமாகச் சுரங்கங்கள். 1901இல் யாவாதா எஃகு ஆலை இயங்கத் தொடங்கியதற்கு அருகிலேயே கிடைத்த இந்தக் கரி ஒரு முக்கியக் காரணம். ஒரு காலத்தில் ஜப்பான் தோண்டிய நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி இங்கிருந்தே போனது. ஜப்பானின் தொழில் வளர்ச்சியை வியந்து எழுதுகிற நம் பாடநூல்கள் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்வதில்லை.

அந்தக் கரியை வெட்டியவர்களில் புராகுமின் மக்கள் கணிசமானவர்கள். ‘புராகு’ என்றால் குடியிருப்பு என்றுதான் பொருள். வசிக்கும் இடமே சாதிப் பெயராகிவிட்டது. பிணம் அகற்றுதல், விலங்குகளின் தோல் உரித்தல் போன்ற வேலைகளைச் சுமந்த இவர்களை முன்பு ‘எத்தா’ என்று அழைத்தார்கள். மிகுந்த அழுக்கு என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்ட வசைச்சொல் அது. 1871இல் அரசாணை ஒன்று அந்தப் பெயரையும் இழிநிலையையும் ஒழித்தது. அதே ஆண்டில், செத்த மாடு குதிரைகளின் தோல்மீது அவர்களுக்கிருந்த உரிமையும் போயிற்று. விடுதலை காகிதத்தில் வந்தது, பிழைப்பு கையைவிட்டுப் போனது. நிலம் எவரும் தரவில்லை.

அடுத்து நடந்தது நமக்குப் பழக்கமானதுதான். 1873இல் இதே பகுதியைச் சேர்ந்த காமா வட்டாரத்தில் விவசாயிகளின் கிளர்ச்சி மூண்டது. வறட்சியும் அரிசி விலையும் புதிய அரசின் மீதான கோபமுமாகத் தொடங்கி, மாகாணமெங்கும் பரவியது. கிளர்ந்தவர்கள் அரசு அலுவலகங்களோடு நிற்கவில்லை. புராகு குடியிருப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். விவசாயிகளின் வீரப் போராட்டம் என்று இதை எழுதுகிற வரலாறு உண்டு. எரிந்த வீட்டுக்குள் இருந்தவர் எழுதினால் அதற்கு வேறு பெயர் வரும்.

நிலமும் தோலும் இல்லாதவர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். ஆரம்பகாலச் சுரங்கத்தில் கணவனும் மனைவியும் ஜோடியாக வேலை செய்தார்கள். அவன் படுத்தும் குனிந்தும் கரியை வெட்டுவான். அவள் கரி நிரம்பிய கூடையையோ சறுக்குப் பெட்டியையோ இழுத்துக்கொண்டு, நிமிர முடியாத பாதையில் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து வருவாள். குழந்தைகளும் உடன் இறங்கியதுண்டு. பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்குவதைத் தடுக்கும் விதி 1928இல் வந்து 1933இல் நடைமுறைக்கு வந்தது. போர்க்காலத்தில் அதுவும் தளர்த்தப்பட்டது.

தொழிலாளர்கள் தங்கிய வரிசைக் கொட்டகைகளுக்கு ‘நாயா’ என்று பெயர். ஆள் பிடிப்பதும், முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவதும், கூலியில் பிடித்தம் செய்வதும், ஓடிப்போனவனை இழுத்துவந்து அடிப்பதும் நாயாத் தலைவனின் வேலை. இவனை விளக்க நமக்கு நீண்ட வாக்கியம் தேவையில்லை. கங்காணி என்று சொன்னால் போதும், நம் பாட்டன்மார் புரிந்துகொள்வார்கள்.

பூமிக்கடியில் எல்லோரும் ஒரே கறுப்பு. வெடி வாயு சாதி பார்ப்பதில்லை. 1914 டிசம்பரில் ஹோஜோ சுரங்க வெடிப்பில் அதிகாரப்பூர்வக் கணக்கின்படியே 671 பேர் மாண்டார்கள். ஆனால் வேலை முடிந்து மேலே வந்து கரியைக் கழுவும் இடத்தில் சாதி காத்திருந்தது. சில சுரங்கங்களில் புராகுமின் தொழிலாளருக்குக் குளியல் தொட்டி தனி. ஒன்றாகச் சாகலாம், ஒரே தண்ணீரில் குளிக்கக் கூடாது. ‘தொழிலாளி வர்க்கத்துக்குள் சாதி கரைந்துவிடும்’ என்று சொல்லும் தோழர்களிடம் இந்தத் தொட்டியைப் பற்றி நாம் கேட்க வேண்டியிருக்கிறது. குளத்துக்காக மகாடில் நடந்தவர்களின் வழிவந்த நமக்கு அது சிறிய விஷயமாகத் தோன்றாது.

1918இல் அரிசி விலை ஏறியபோது நாடெங்கும் கலகம் வெடித்தது. சிகுஹோவின் சுரங்கங்களும் கொந்தளித்தன. படை வந்தது. கலகத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் புராகுமின் மக்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்கள் பங்கைவிடப் பல மடங்கு. நான்கு ஆண்டுகளில், 1922 மார்ச் 3 அன்று, கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற சமன்மை இயக்கம் பிறந்தது. அதன் தலைவராக உயர்ந்த மட்சுமோட்டோ ஜிஇச்சிரோ ஃபுகுஓகாக்காரர். போருக்குப் பின் மேலவையின் துணைத் தலைவரான அவர், பேரரசர் முன்னால் நண்டுபோலப் பக்கவாட்டில் நகரும் சம்பிரதாயத்தைச் செய்ய 1948இல் மறுத்துவிட்டார்.

எண்ணெய் வந்ததும் கரி வீழ்ந்தது. 1959இல், வேலையிழந்த சுரங்கக் குடும்பங்களுக்காகக் கறுப்பு இறகு விற்று நன்கொடை திரட்டினார்கள். டோமோன் கென் சிகுஹோக் குழந்தைகளைப் படமெடுத்து, அடுத்த ஆண்டு நூறு யென் விலையில் மலிவுப் புத்தகமாக வெளியிட்டார். 1964இல் மிட்சுயி நிறுவனம் தகாவாச் சுரங்கத்தை மூடியது. 1976இல் சிகுஹோவின் கடைசிச் சுரங்கமும் நின்றது. எஞ்சியவை கழிவுக்கல் மலைகள், கீழே குடைந்ததால் அமிழ்ந்த வயல்கள், சாய்ந்த வீடுகள், அரசு உதவித்தொகையை நம்பிய முதியவர்கள். ‘சிகுஹோ’ என்றிருக்கும் வண்டி எண் பலகையைப் பார்த்தாலே முரட்டு ஆள் என்று ஒதுங்கும் கேலியும் உண்டு. அந்த வட்டாரம் முழுவதற்குமே ஒரு சேரி முகவரி ஒட்டிக்கொண்டது. அதற்குள் புராகுக்காரருக்கு இரண்டாவது முகவரி. போர்க்காலத்தில் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் சிலருக்குப் பெயர் பொறிக்காத கழிவுக்கல்லே கல்லறை.

1975இல் ஓர் உண்மை வெளிவந்தது. நாடெங்குமுள்ள புராகு குடியிருப்புகளின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, தொழில் எல்லாவற்றையும் தொகுத்த நூல் இரகசியமாக விற்கப்பட்டிருந்தது. வாங்கியவை இருநூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள்; வேலைக்கு விண்ணப்பித்தவரின் ஊரைப் பார்த்துக் கழிப்பதற்காக வாங்கினார்கள். நலத்திட்டத்துக்காகவும் ஆய்வுக்காகவும் எடுக்கிற கணக்கு எதிரியின் கையில் என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. ஏழெட்டு வயதில் சுரங்கத்துக்குள் போய், ஐம்பது ஆண்டுகள் உழைத்து, அறுபது வயதுக்குப் பிறகு தூரிகை எடுத்தவர் யமமோட்டோ சகுபெய். வெட்டுபவன், இழுப்பவள், அடி வாங்குபவன், குளியல் தொட்டி, பேய் நம்பிக்கை என ஒவ்வொன்றையும் வரைந்து, ஓரத்தில் தன் கையெழுத்தில் விளக்கமும் எழுதினார். தொழிற்புரட்சி நினைவிடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு அனுப்பும் முயற்சியிலிருந்து தகாவாவின் சுரங்கத் தளம் 2009இல் கழிக்கப்பட்டது. 2011இல் சகுபெய்யின் படங்களும் நாட்குறிப்புகளும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஜப்பானிலிருந்து ஏறிய முதல் பதிவு அது. நிறுவனங்களின் உலைகளும் துறைமுகங்களும் 2015இல்தான் தங்கள் பட்டியலுக்கு வந்தன. தொழிலாளி தானே எழுதியது முந்திக்கொண்டது.

ஆகவே, ஊர்ப் பெயரை மறைப்பதா சொல்வதா என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. யார் எழுதுகிறார், யார் கையில் வைத்திருக்கிறார், எதற்காக என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சகுபெய் எழுதியதும் ஊர் வரலாறு, அந்த இரகசிய நூலில் இருந்ததும் ஊர்ப் பட்டியல். 2016இல் பழைய கணக்கெடுப்பு ஒன்றைத் தூசு தட்டி மீண்டும் வெளியிட முயன்றவர்கள்மீது புராகு மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் ஊர்களைப் பற்றித் தாங்களே பல பத்தாண்டுகளாகப் புத்தகம் எழுதி வருகிறவர்கள்தான் அவர்கள். 2023 ஜூனில் டோக்கியோ உயர்நீதிமன்றம் அந்த வெளியீட்டுக்கு எதிரான தடையை விரிவாக்கியது. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழும் உரிமை மனிதர்க்கு உண்டு என்று தன் தீர்ப்பில் எழுதியது.