இலக்கத் தகட்டில் ஒரு ஸ்ரீ

எங்கட வீட்டில் மிஞ்சின பழைய படங்கள் மொத்தம் பதினொன்று. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மற்றதெல்லாம் போய்விட்டது. அந்தப் பதினொன்றில் ஒன்று, அப்பப்பாவும் அவருடைய காரும். 1958 சித்திரை வருஷத்துக்கு எடுத்தது. வேட்டி, தோளில் சால்வை, ஒரு கை ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின் பொனற்றில்.

சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். காரின் இலக்கத் தகட்டில் இடது பக்கம் ஒரு இலக்கம் இருக்கும், வலது பக்கம் நாலு இலக்கம் இருக்கும், நடுவில் ஒன்றும் இராது. கறுப்பு மட்டும். படம் அந்த இடத்தில் பழுதாய்ப் போச்சுது என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"படம் பழுதில்லை மோனை. அது தார்" என்றார்.

கார் வைத்திருக்கிற மனுசன் தன்ர காரிலேயே ஏன் தார் பூச வேணும்? அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துத்தான். 'சிலோன்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் வருகிற எழுத்துகளை இரண்டிரண்டாய்ச் சேர்த்து சி.இ., சி.என்., இ.எல்., இ.என்., இ.வை. என்று போட்டார்கள். பக்கத்தில் இலக்கம். ஒரு சோடி எழுத்து முடிந்தால் அடுத்த சோடி. 1948ல் சுதந்திரம் கிடைத்த பிறகும் இதுதான் தொடர்ந்தது.

1956 ஜூனில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரியும். அதன் பின்னால் வந்த ஒரு சின்ன மாற்றம் அவ்வளவாய்ப் பேசப்படுவதில்லை. 1957 ஆரம்பத்தில் இருந்து புதிதாய்ப் பதிகிற வாகனங்களுக்கு ஆங்கில எழுத்து இல்லை. அதற்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ'. அப்போது போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்கா. தகட்டின் அமைப்பு இப்படி: முதலில் தொடர் இலக்கம், நடுவில் சிங்கள ஸ்ரீ, பிறகு 9999 வரை போகிற வாகன இலக்கம். சிங்கள ஸ்ரீயைப் பார்த்திருப்பீர்கள். வட்டமான உடம்பு, கீழே ஒரு வளைவு, தலையில் ஒரு சுழி.

இந்த அமைப்பை ஒருக்கால் நிதானமாய் யோசித்துப் பாருங்கோ. பழைய தகட்டில் எழுத்துக்கு ஒரு வேலை இருந்தது. இ.எல். என்றால் ஒரு கார், இ.என். என்றால் வேறு கார். புதுத் தகட்டில் எல்லா வாகனத்துக்கும் அதே ஸ்ரீ. காரைக் கண்டுபிடிக்கிற வேலை முழுவதையும் இரண்டு பக்கத்து இலக்கங்களும் செய்துவிடும். விபத்து நடந்தால் பொலிஸ்காரர் கொப்பியில் எழுதுவதும் அந்த இலக்கங்களைத்தான். தகட்டில் இருக்கிறதிலேயே, எந்தத் தகவலும் சொல்லாத ஒரே குறி அந்த நடு எழுத்து.

இன்னொன்றும் கவனியுங்கோ. இலக்கங்களில் ஒருவரும் கை வைக்கவில்லை. சிங்களத்துக்கும் பழைய இலக்க வடிவங்கள் இருந்தன. தமிழில் க, உ, ங என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஆனாலும் தகட்டில் 1, 2, 3 அப்படியே நின்றது. வேலை செய்கிற பகுதி எல்லாருக்கும் வாசிக்க வேணும் என்று ஆட்சியாளர்களுக்கும் விளங்கித்தான் இருந்திருக்கிறது. வேலை இல்லாத இடத்தில்தான் அரசியலைப் போய் வைத்தார்கள்.

'ஸ்ரீ பொதுவான சொல்தானே, அதில் என்ன பிரச்சினை?' என்று கேட்கலாம். உண்மைதான், எங்கட கல்யாணக் கடிதங்களிலும் கோயில் நோட்டீஸ்களிலும் அது இருக்கிறது. சொல் பொது. ஆனால் எழுதினது ஒரு பகுதியாருடைய எழுத்தில் மட்டும். தமிழருடைய சொந்தக் காரில், தமிழர் காசு கட்டி எடுத்த தகட்டில், தமிழர் கேளாத ஒரு எழுத்து.

தமிழரசுக் கட்சி 1957 ஜனவரியிலேயே எதிர்ப்பைத் தொடங்கிவிட்டது. சிங்கள ஸ்ரீ இருக்கிற இடத்தில் தமிழ் ஸ்ரீயை எழுதி ஓடுங்கள் என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ் ஸ்ரீ என்பது கிரந்த எழுத்து. தனித்தமிழ்க்காரர் அதைத் தள்ளிவிட்டு 'திரு' என்று எழுதச் சொல்லுவார்கள். ஆனால் அந்த வருஷம் அதே கிரந்த எழுத்துத்தான் தமிழுக்காக நின்றது. எழுத்து எங்கே பிறந்தது என்பதை அப்போது ஆரும் கேட்கவில்லை. ஆருடைய கை அதை எழுதியது என்பதுதான் கேள்வியாய் இருந்தது.

1957 ஜூலை 26ல் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானதும் கொஞ்சம் அமைதி. பிறகு 1958 ஜனவரி 1ல் பஸ்கள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. சில மாதங்களில் சிங்கள ஸ்ரீ தகடு போட்ட புது பஸ்கள் வடக்குக்கு ஓடத் தொடங்கின. காரை வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர். பஸ் அப்படியா? ஒவ்வொரு ஊர்ச் சந்தியிலும் வந்து நிற்கும். தார் வாளியும் தூரிகையும் றோட்டுக்கு வந்தது அப்போதுதான். வழக்கு, சிறை எல்லாம் வந்தது. தெற்கில் இதற்குப் பதிலடியாகத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். அங்கே எழுத்தில் தார், இங்கே எழுத்தில் தார்.

இதற்கு நடுவில்தான் எங்கட அப்பப்பா. அவர் அரசியல்வாதி இல்லை. ஹயர் ஓடுகிற மனுசன். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறதுதான் பிழைப்பு. 1957ல் கடன்பட்டுப் புதுக் கார் எடுத்தார். புதுக் கார் என்றபடியால் ஸ்ரீ. பக்கத்து வீட்டுக்காரரின் கார் இரண்டு வருஷம் பழசு, ஆகவே இ.எல். அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எந்த மாதத்தில் கார் பதிந்தது என்பதிலேயே ஒரு மனுசனின் நிம்மதி தங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் தார் பூசாமல் ஓடினால் ஊர்ப் பெடியள் மறிப்பார்கள். பூசிக்கொண்டு மதவாச்சியைத் தாண்டினால் அங்கே மறிப்பார்கள். அப்பப்பா என்ன செய்தார்? டிக்கியில் ஒரு சின்னப் போத்தில் மண்ணெண்ணெய், ஒரு பழந்துணி, ஒரு ரின் தார். வவுனியாவில் காரை ஓரம் கட்டித் தாரைத் துடைப்பார். திரும்பி வரும்போது அதே இடத்தில் பூசுவார்.

"வெட்கமாய் இருக்கேல்லையா?" என்று கேட்டிருக்கிறேன். அந்த வயதில் எனக்கு வீரம் அதிகம்.

"பூசேக்கையும் வெட்கம் இல்லை, துடைக்கேக்கையும் வெட்கம் இல்லை. பின்னுக்கு இருக்கிற சனத்தைப் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்க்க வேணும். அவ்வளவுதான்" என்றார்.

1958 ஏப்ரல் 9ல் பிக்குமார் பண்டாரநாயக்காவின் வீட்டுக்கு முன்னால் வந்து இருந்தார்கள். அன்றைக்கே அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். எங்கட படம் எடுத்தது அதற்குச் சில நாள் கழித்து. மே மாதக் கடைசியில் கலவரம். பொலன்னறுவைப் பக்கம் தொடங்கிக் கொழும்பு வரை பரவியது. மே 27ல் அவசரகால நிலை. நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின. கொழும்புத் தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வடக்குக்கு வந்தார்கள். இது எல்லாவற்றுக்கும் ஒரு எழுத்துத்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மொழிச் சட்டம், குடியேற்றங்கள், கிழிந்த ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனால் சட்டத்தை எல்லாரும் வாசிக்க மாட்டார்கள். இலக்கத் தகட்டை றோட்டில் போகிற ஒவ்வொருவரும் வாசிப்பார்கள்.

அப்பப்பா அதன் பிறகு கனகாலம் கொழும்புக்கு ஹயர் ஓடவில்லை. கடனை அடைக்கக் காரை விற்றார்.

அந்த வருஷமே தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. தகட்டில் ஸ்ரீ அப்படியே இருந்தது. 1972 மே 22ல் நாட்டின் பெயரிலேயே ஸ்ரீ வந்து ஏறியது. பல பத்து வருஷம் கழித்துப் புதுத் தகடுகளில் ஸ்ரீயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்கள். இரண்டு பக்கமும் இலக்கம், நடுவில் கோடு. ஒருவருக்கும் ஒரு குழப்பமும் வரவில்லை. பிறகு 2000ம் ஆண்டில் மாகாணத்தைக் குறிக்கிற ஆங்கில எழுத்துகள் வந்தன. வடமாகாணம் என்றால் என்.பி., மேல்மாகாணம் என்றால் டபிள்யூ.பி. சுற்றிச் சுழன்று திரும்பவும் ஆங்கிலத்துக்கே வந்து சேர்ந்தோம்.

எனக்கு நெஞ்சில் தைக்கிறது அந்தக் கோடுதான். 1957லேயே அந்தக் கோட்டைப் போட்டிருக்கலாம். அச்சுச் செலவுகூட மிச்சம்.

இன்றைக்கும் இலங்கையில் பழைய கார் பிரியர்கள் ஸ்ரீ தகட்டோடு வாகனம் வைத்திருக்கிறார்கள். அழகாய்த்தான் இருக்கும். அவற்றைப் பார்க்கும்போது எனக்கு மண்ணெண்ணெய் மணக்கிற மாதிரி இருக்கும்.

உங்கட வீட்டுப் பழைய படங்களில் கார் ஏதும் நின்றால், ஒருக்கால் தகட்டையும் பாருங்கோ. நடுவில் கறுப்பாய் இருந்தால், படம் பழுது என்று எறிந்துவிடாதையுங்கோ.