கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் பாதுகாப்பான மென்பொருள் புதுப்பிப்பு: ஒரு வரலாறு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக்குக் கதவு வேண்டும். ஆனால் அதன் வழியே வேண்டியவர் மட்டுமே நுழைய வேண்டும். பூட்டுத் தொழில் தீர்க்க முயன்ற இந்தச் சிக்கல், வயலிலும் மலையிலும் நிறுவப்படும் கம்பியில்லா உணரிகளுக்கும் உண்டு. அவற்றில் ஓடும் மென்பொருளைத் தொலைவிலிருந்து மாற்ற ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழியே அயலார் நுழைந்தால் வலையமைப்பு முழுவதும் அவர் கைக்குப் போய்விடும்.

உணரி வலையமைப்பு

மண்ணின் ஈரம், வெப்பம், அதிர்வு போன்றவற்றை அளந்து வானொலி அலை வழியே அனுப்பும் சிறு கருவி கணு எனப்படும். கணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றி மைய நிலையத்தில் சேர்ப்பதே உணரி வலையமைப்பு. 2000களின் தொடக்கத்தில் பரவலாகப் பயன்பட்ட மைக்கா2 கணுவில் 128 கிலோபைட்டு நிரல் நினைவகமும் 4 கிலோபைட்டு தற்காலிக நினைவகமும் மட்டுமே இருந்தன. அது இரண்டு சிறிய பேட்டரிகளில் பல மாதம் இயங்க வேண்டியிருந்தது. இந்த வறுமையே பின்வந்த பாதுகாப்பு முயற்சிகள் அனைத்தின் போக்கையும் தீர்மானித்தது.

இந்தியக் களங்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் இருவகை நிலம் உண்டு. கீழே மழையையும் கிணற்றையும் நம்பிய சமவெளி. மேலே கொடைக்கானல் மலைச்சரிவுகள். இவ்விரு வகை நிலங்களுக்கும் ஒப்பான இடங்களில் இந்தியாவின் தொடக்ககால உணரி வலையமைப்புகள் சில அமைந்தன. கர்நாடகத்தின் வறண்ட பாவகடா வட்டத்தில், மானாவாரி உழவர்களுக்கு உதவும் நோக்கில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் காமன்சென்ஸ் நெட் என்னும் திட்டத்தை நடத்தின. கொடைக்கானலுக்கு மேற்கே, கேரளத்தின் மூணாறில், நிலச்சரிவை முன்னறிய அமிர்தா பல்கலைக்கழகம் 2008 முதல் மண்ணுக்குள் உணரிகளைப் புதைத்து வலையமைப்பு நிறுவியது.

மூணாறு போன்ற இடத்தில் மென்பொருள் வெறும் வசதி அன்று. மழை வலுக்கும்போது அளவெடுக்கும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பிழை தெரிந்தால் திருத்த வேண்டும். கொட்டும் மழையில் ஒவ்வொரு கணுவையும் தேடிப் போய்க் கம்பி மாட்டுவது ஆகாத காரியம். அதே வேளையில், பொய்யான நிரல் ஒன்று உள்ளே புகுந்தால் எச்சரிக்கை வர வேண்டிய நேரத்தில் கருவி வாய்மூடி இருக்கும். கீழே குடியிருப்போரின் உயிர் இதில் அடங்கியிருக்கிறது.

திறந்த கதவு: டெல்யூஜ்

தொடக்கத்தில் வானொலி எட்டும் தொலைவில் உள்ள கணுக்களுக்கு மட்டுமே மைய நிலையம் நேரடியாகப் புதிய நிரலை அனுப்ப முடிந்தது. 2004ஆம் ஆண்டு பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜொனதன் ஹுய், டேவிட் கல்லர் இருவரும் டெல்யூஜ் என்னும் முறையை வெளியிட்டனர். இதில் நிரல் பக்கங்களாகவும், பக்கம் சிறு பொட்டலங்களாகவும் பிரிக்கப்படும். ஒவ்வொரு கணுவும் தன்னிடமுள்ள பதிப்பின் எண்ணை அண்டைக் கணுக்களுக்கு அறிவிக்கும். பழைய பதிப்பு வைத்திருக்கும் கணு புதியதைக் கேட்டு வாங்கி, பிறகு தானும் பரப்பும். ஊரில் செய்தி பரவுவது போல நிரல் பரவியது.

டெல்யூஜில் ஒரு பெருங்குறை இருந்தது. கூடுதல் பதிப்பு எண்ணோடு யார் நிரலை அனுப்பினாலும் கணுக்கள் அதை நம்பின. ஒரே ஒரு கணுவை ஏமாற்றினால் போதும். மீதி வேலையை வலையமைப்பே செய்து முடிக்கும். பரவும் வேகமே ஆபத்தின் வேகமும் ஆயிற்று.

பூட்டு தேடிய ஆண்டுகள்

எல்லாக் கணுக்களுக்கும் ஒரே இரகசியத் திறவுகோலைக் கொடுப்பது எளிய வழி. ஆனால் வயலில் கிடக்கும் கணுவை யாரும் எடுத்துச் சென்று பிரித்துப் பார்க்கலாம். ஊருக்கெல்லாம் ஒரே சாவி என்றால், ஒருவர் சாவி தொலைந்தாலும் எல்லார் வீடும் திறந்துவிடும்.

பொதுத் திறவுகோல் முறையில் கையொப்பமிடும் இரகசியத் திறவுகோல் மைய நிலையத்திலேயே இருக்கும். கணுவிடம் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் மட்டுமே இருக்கும்; அது களவு போனாலும் பொய் நிரலுக்குக் கையொப்பமிட முடியாது. இந்தக் கணக்கீடு சிறு கருவிக்குத் தாங்காது என்று பலர் கருதிவந்தனர். 2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வாளர்கள், நீள்வளைய மறையீட்டின் அடிப்படைக் கணக்கீட்டை 8 பிட்டுச் செயலியில் 0.81 நொடியில் முடித்துக் காட்டினர்.

இருப்பினும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையொப்பம் இடுவது பேட்டரியைத் தின்றுவிடும். 2006இல் கார்னகி மெலன், பெர்க்லி, கொலராடோ பல்கலைக்கழகக் குழுக்கள் தனித்தனியே ஏறக்குறைய ஒரே விடைக்கு வந்தன. தரவிலிருந்து கணக்கிடப்படும் சிறிய அடையாள எண்ணான சுருக்கக்குறியைக் கொண்டு நிரலின் துண்டுகளைச் சங்கிலியாகவோ மரமாகவோ பிணைத்து, தொடக்கத்தில் ஒரு கையொப்பம் மட்டும் இட்டால் போதும். அந்த ஒன்று சரியென்றால் பின்வரும் துண்டுகளைச் சுருக்கக்குறியால் மலிவாகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதன்பின் வேறொரு தாக்குதல் கவனத்துக்கு வந்தது. போலிக் கையொப்பங்களைத் தொடர்ந்து அனுப்பினால், அவற்றைச் சோதித்தே கணுவின் பேட்டரி தீர்ந்துவிடும். 2008இல் வெளிவந்த செலூஜ் என்னும் முறை, கையொப்பத்தோடு ஒரு புதிரின் விடையையும் கேட்டது. விடை கண்டுபிடிப்பது அனுப்புநருக்குக் கடினம்; சோதிப்பது கணுவுக்கு எளிது. வரிசை மாறி வரும் பொட்டலத்தையும் வந்தவுடனே சோதித்து, போலியை நினைவகத்தில் எழுதாமல் தள்ளவும் அது வழி செய்தது.

பிந்தைய பாடம்

இந்த ஆய்வுகள் இருந்தும் சந்தைக் கருவிகள் சில பழைய பிழையையே செய்தன. 2016இல் வைஸ்மன் அறிவியல் கழகம், டல்ஹவுசி பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள், பிலிப்ஸ் ஹியூ மின்விளக்குகளின் மென்பொருள் புதுப்பிப்பைக் காத்த பொதுவான திறவுகோலை ஒரு விளக்கிலிருந்தே வெளிக்கொணர்ந்தனர். அதைக்கொண்டு விளக்கிலிருந்து விளக்குக்குத் தாவும் தீநிரல் சாத்தியம் என்றும் காட்டினர். உற்பத்தியாளர் பின்னர் திருத்தம் வெளியிட்டார்.

இணையப் பொறியியல் பணிக்குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 9019, சிறு கருவிகளுக்கான புதுப்பிப்புக் கட்டமைப்பை வரையறுத்தது. நிரல் யாருடையது, எந்தக் கருவிக்கு உரியது என்பன போன்ற விவரங்களைக் கையொப்பமிட்ட ஓர் உறுதிச்சீட்டு தாங்கி வரும். கருவி அதைச் சரிபார்த்த பிறகே நிரலை ஏற்கும். குறைபாடு தெரிந்த பழைய பதிப்பை மீண்டும் புகுத்துவதைத் தடுக்க வரிசை எண்ணும் அதில் உண்டு.

டெல்யூஜ் காலத்தில் நிரலை எவ்வளவு விரைவாகப் பரப்புவது என்பதே முதன்மைக் கேள்வியாக இருந்தது. இன்று, வந்த நிரலை ஏற்கலாமா என்பதைக் கருவி தானே முடிவுசெய்ய வேண்டும் என்ற நிலைக்குத் துறை வந்துள்ளது. சமவெளி வயலிலோ மலைச்சரிவிலோ உணரி நிறுவுவோர், அது எதை அளக்கும் என்று கேட்பதோடு, அதன் மென்பொருளை மாற்றும் திறவுகோல் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.