குரோஸ் கணக்கில் வராதவை

நாரணாபுரத்தில் என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார். கூலி குரோஸ் கணக்கு. 144 பெட்டி ஒரு குரோஸ். 1978இல் மகள் பிறந்த பிறகு ஒட்டும் பெட்டிகள் பாதியாகிவிட்டன. குழந்தை எந்நேரமும் தூங்கியது. அழுதால் குரல் கரகரத்தது. மலம் இறுகியது. மாதங்கள் போயும் கழுத்து நிற்கவில்லை. “வயித்துல இருக்கும்போது என்னத்தத் தின்ன?” என்று பெரியம்மாவைக் கேட்டார்கள். பெரியப்பாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அது பிறவித் தைராய்டு குறைபாடாக இருந்திருக்கலாம். ஒருவரும் சோதிக்காததால் இன்று உறுதிசெய்ய வழியில்லை.

சோதனை அப்போதே உலகில் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, பச்சிளங்குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தைத் தாளில் உலர்த்தி, ஃபினைல்கீட்டோனூரியா என்ற வளர்சிதைமாற்றக் கோளாறைக் கண்டறியும் முறையை உருவாக்கினார். 1974இல் கனடாவின் கியூபெக் மாகாணம் அத்தகைய ரத்தப் பொட்டிலேயே தைராய்டையும் சோதிக்கத் தொடங்கியது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். அது விலை குறைந்த மாத்திரைதான்.

மேலைநாடுகளில் இந்தச் சோதனைக்கு ஆதரவாக ஒரு வரவுசெலவுக் கணக்கும் முன்வைக்கப்பட்டது: இப்பிள்ளைகளை ஆயுள் முழுக்க அரசு இல்லங்களில் பராமரிப்பதைவிட, பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பது மலிவு.

நாரணாபுரத்தில் அந்த இல்லம் பெரியம்மாவின் இடுப்புதான். அதற்கு அரசு சம்பளம் கொடுக்கவில்லை. எனவே சோதனையால் மிச்சமாகும் பணம் எந்த நிதிநிலை அறிக்கையிலும் தென்படாது. சோதனையின் செலவு மட்டும் தென்படும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டதில் எத்தனை குரோஸ் போயிருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். “அதையெல்லாம் யாரு எண்ணுனா, தாயி?” என்றார்.

இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறைபாடு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கோவா 2008இல் பச்சிளங்குழந்தைகளுக்கான சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டம், பிறவித் தைராய்டு குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கட்டாயமாக்கவில்லை; விருப்பத்துக்கு உரியது என்று விட்டது.

ஒரு சோதனைக்கு ‘கட்டுப்படியாகாது’ என்ற பதில் வந்தால், பெண்களின் கூலியில்லா உழைப்பு அந்தக் கணக்கில் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்போம். அந்த வரி இல்லாத கணக்கை முடிந்த கணக்காக நாம் ஏற்கத் தேவையில்லை.