கதை விறுவிறுப்பு உத்திகள்

கதையைப் பாதியில் கீழே வைக்கவிடாமல் வாசகரைப் பிடித்து நிறுத்த எழுத்தாளர் கையாளும் முறைகள். தமிழில் இவை தெருக்கூத்திலும் வார இதழ்த் தொடர்கதையிலும் நன்கு கூர்மை பெற்றன.

தருமபுரி மாவட்டத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி இரவில் பாரதக் கூத்து ஆடுவார்கள். துரியோதனன் படுகளத்தில் விழப்போவது முன்வரிசைச் சிறுவனுக்கும் தெரியும். ஆனாலும் கூட்டம் விடியவிடிய உட்கார்ந்திருக்கும். வேடக்காரர் நேராகக் களத்துக்கு வருவதில்லை. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து முதலில் பாட்டு கேட்கும். பிறகுதான் முகம் தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இடையில் புகுந்து கேலி பேசிக் கதையை இன்னும் தாமதப்படுத்துவான். முடிவை ஒளிக்காமலே எதிர்பார்ப்பை வளர்க்கும் இந்த முறையை நாவலாசிரியர்கள் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

தொடர்கதைக்கு நெருக்கடி வேறு. அடுத்த இதழ் வரும்வரை வாசகர் கதையை மறந்துவிடக் கூடாது. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த, எழுத்தாளர் கல்கியின் சோழர் கால நாவல் ‘பொன்னியின் செல்வன்’ இதற்குச் சிறந்த சான்று. கடம்பூர் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கும் கதாநாயகன் வந்தியத்தேவன், நள்ளிரவில் சிற்றரசர்களின் கூட்டத்தை ஒளிந்திருந்து பார்க்கிறான். அவர்களுள் ஒருவரான பெரிய பழுவேட்டரையரின் மூடுபல்லக்கில் அவருடைய இளம் மனைவி இருப்பதாகவே எல்லோரும் எண்ணியிருக்க, அதிலிருந்து இறங்குபவன் சோழ இளவரசன் மதுராந்தகன். அவனை அரியணை ஏற்றும் சதி அம்பலமான பிறகும் விறுவிறுப்பு குறையவில்லை, கூடுகிறது. வாசகருக்கும் வந்தியத்தேவனுக்கும் தெரிந்தது பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனுக்கு அப்போது தெரியாது என்பதே காரணம்.

கரிகாலன் கொலையில் கல்கி எதிர்வழியில் போகிறார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைக் குற்றவாளிகளாகக் குறிப்பிடுகிறது. நாவலிலோ, கொன்ற கை எது என்பது புகைமூட்டமாகவே விடப்படுகிறது. இன்றும் வாசகர்கள் அதைப் பற்றி வாதிடுகிறார்கள்.

அத்தியாயத்தின் கடைசி வரியில் ஓர் அலறல், அடுத்த வாரம் பார்த்தால் வெறும் பூனை என்பது தொடர்கதை உத்தியின் மலிவான வடிவம். இரண்டு முறை ஏமாந்த வாசகர் மூன்றாவது அலறலுக்கு அசைய மாட்டார்.

சுஜாதா விறுவிறுப்பை வேகத்தில் தேடினார்: வருணனையைச் சுருக்கி, அவருடைய வழக்கறிஞர் பாத்திரங்களான கணேஷும் வசந்தும் பேசும் துண்டு வாக்கியங்களிலேயே துப்புகளை வைத்தார். ‘கொலையுதிர் காலம்’ நாவலில் நடப்பவை ஆவியின் வேலையா, அறிவியலின் வேலையா என்ற இரண்டு விளக்கங்களும் கடைசிவரை மல்லுக்கு நிற்கின்றன.