ஹுமாயூனின் தோட்டத்தில் கோவா பயிர்

மொகலாயர் என்றதும் நமக்குக் கட்டடங்கள்தான் ஞாபகம் வரும். இந்த முறை கட்டடத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கும் புல்லையும் வாய்க்காலையும் பார்ப்போம். நாம் எடுத்துக்கொள்வது ஒரேயொரு தோட்டம்: டெல்லியில் ஹுமாயூனின் சமாதியைச் சுற்றியுள்ள, சுமார் 30 ஏக்கர் நிலம்.

ஹுமாயூன் வெற்றி வீரரல்ல. தந்தை பாபர் பிடித்துக் கொடுத்த ஆட்சியை 1540இல் ஷேர்ஷாவிடம் இழந்து, 15 வருடங்கள் அலைந்தார். 1555இல் டெல்லியை மீட்டார். அடுத்த வருடமே நூலகப் படியில் தவறி விழுந்து மரணித்தார். மகன் அக்பருக்கு அப்போது 13 வயது. 'இந்த வம்சம் நிலைக்குமா?' என்று யாரும் கேட்டிருக்கக்கூடிய நேரம். 1560களில் ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகத்தின் முயற்சியோடு எழுந்த சமாதி அந்தக் கேள்விக்கான பதில் என்றே நாம் நினைக்கிறோம். நிஸாமுத்தீன் அவ்லியாவின் தர்காவுக்கு அருகே இடம் தெரிவு செய்யப்பட்டது. துணைக்கண்டத்தில் இந்த அளவில் தோட்டத்தோடு அமைந்த முதல் சமாதி இதுதான். (கப்ருக்கு மேல் கட்டடம் எழுப்புவதன் மார்க்கச் சட்டம் வேறு விடயம். கொமன்ட்டில் அதைத் தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.)

தோட்டத்தின் அமைப்புக்கு சார்பாக் என்று பெயர், அதாவது நான்கு தோட்டம். வாய்க்கால்கள் நிலத்தை நான்காகப் பிரிக்கும். பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு முன்பே இருந்த முறை இது. ஆனால் அல்குர்ஆனில் சூறா முஹம்மத் சொல்லும் நீர், பால், மது, தேன் என்ற நான்கு ஆறுகளை ஓதி வளர்ந்த கண்ணுக்கு அந்த நான்கு வாய்க்கால்களும் சுவனத்தைத்தான் ஞாபகப்படுத்தும். நடுவில் மன்னர் உறங்குகிறார். வாசிக்கத் தெரியாத குடிமகனுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

தண்ணீரும் சும்மா ஓடவில்லை. பாபர் ஆக்ராவுக்கு வந்தபோது இங்கே ஓடும் நீரில்லை, ஒழுங்கான தோட்டமில்லை என்று தன் சுயசரிதையில் குறைப்பட்டிருக்கிறார். யமுனைக் கரையில் அவரும் அவருடைய ஆட்களும் தோட்டங்கள் போட்ட பிறகு ஊர் மக்கள் அந்தக் கரையையே 'காபூல்' என்று அழைத்தார்களாம். வெயில் சுடும் சமவெளியில் நீரை நேர்கோட்டில் ஓட வைப்பதே ஓர் அதிகாரம்தான்.

இனி 1857. கிளர்ச்சி தோற்றதும் கடைசி மொகலாயர் பஹதூர் ஷா ஸஃபர் ஓடி ஒளிந்தது இதே தோட்டத்துச் சமாதியில்தான். அங்கே வைத்துத்தான் ஹொட்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைக் கைதுசெய்தார். மறுநாள் அவருடைய இரண்டு புதல்வர்களும் ஒரு பேரனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வம்சம் தன் பெருமையைப் பறைசாற்றிய இடத்திலேயே அதன் கதை முடிந்தது.

ஸஃபர் ரங்கூனில் 1862இல் மௌத்தானார். அடையாளம் எதுவும் வைக்காமல், காலப்போக்கில் புல் மூடிவிடும் வகையில் அடக்கினார்கள். அந்தக் கப்ர் 1991இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. முன்னோருக்குத் தோட்டம் போட்டது நினைவில் நிற்க, பேரனுக்குப் புல் வளர்த்தது மறக்கடிக்க.

டெல்லித் தோட்டத்தையும் வெள்ளைக்காரன் விடவில்லை. 1860 அளவில் நடுவிலிருந்த நீர்த் தடாகங்களை எடுத்துவிட்டு வட்டமான ஆங்கிலப் பூப்பாத்திகள் போடப்பட்டன. பிறகு நிலம் குத்தகைக்குப் போனது. அரச பரம்பரையில் வந்தவர்களே அங்கே கோவாவும் புகையிலையும் பயிரிட்டதாக 1882 அறிக்கையொன்று சொல்கிறது. வைஸ்ரோய் கர்சன் பிரபு அதைத் திருத்தி வாய்க்கால்களைத் தோண்டவைத்தார். ஒரு லீவில் இங்கிலாந்து போய்த் திரும்பினால் மறுபடி டேர்னிப் நட்டிருக்கிறார்கள்! மனைவிக்கு எழுதிய கடிதத்தில் கொதித்திருக்கிறார். மொகலாயரின் சொத்தைக் காப்பவர் தானே என்று காட்டுவதும் அவருடைய அரசியலாக இருந்தது. ஆனாலும் வாய்க்கால் மிஞ்சியதில் அவருக்கும் பங்குண்டு, அதை மறுக்க முடியாது.

1947இல் அந்தப் புல்வெளி அகதி முகாமானது. பாகிஸ்தானுக்குப் போகக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் அங்கே தங்கின. அகதி முகாம் வாழ்க்கை தெரிந்த நம் ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேதமான தோட்டத்தை ஆகா கான் அறக்கட்டளை 2003இல்தான் முழுமையாகச் சீரமைத்து முடித்தது. நீர் மறுபடி ஓடியது.

அதே டெல்லியில் இன்னொன்று. தலைநகரை அங்கே மாற்றிய பிரித்தானியர், வைஸ்ரோய் மாளிகைக்குப் பின்னால் லட்யென்ஸைக் கொண்டு மொகலாயப் பாணியில் ஒரு தோட்டம் போட்டார்கள். பழைய பேரரசுக்கு நாங்களே வாரிசு என்பதுதான் அதன் கருத்து. சுதந்திரத்துக்குப் பிறகும் அது 'மொகல் தோட்டம்'தான். 2023 ஜனவரியில் 'அம்ரித் உத்யான்' என்று பெயரை மாற்றினார்கள். ஒரு வாய்க்காலையும் நகர்த்தவில்லை, பலகை மட்டும் மாறியது. அந்தப் பலகை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது அங்குள்ள முஸ்லிம்களுக்கு விளங்காமலா இருக்கும்?

நம் நாட்டிலும் உண்டு. கொழும்பு மாநகர சபைக்கு முன்னாலுள்ள பூங்கா பிரித்தானிய ராணியின் பெயரில் விக்டோரியா பார்க்காக இருந்தது; சுதந்திரத்துக்குப் பின் துட்டகைமுனுவின் தாயின் பெயரில் விஹாரமஹாதேவி பூங்காவானது. நம் மூத்தவர்கள் சிலர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். உங்கள் ஊர்ப் பூங்காவுக்கோ மைதானத்துக்கோ முன்பு வேறு பெயர் இருந்திருந்தால், தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வீட்டில் உம்மம்மா, மூத்தவாப்பாவிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.